ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸின் முன்னுரிமையை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள், முல்லைத்தீவுப் பக்கம் ஐசிடி படிப்பிக்கிற ஆசிரியர்கள் என்று பலர் லினக்ஸ் சந்தேகங்களோடு வருவார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. மெசின்களும் அநேகமாக ஒரே மாதிரி: வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த பழைய லப்டொப், இரண்டு கோர், நாலு ஜிபி ரம். அதிலேயே கலியாண வீடியோவும் ரெண்டர் ஆக வேண்டும், பிரவுசரும் ஓட வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கம்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 4312 என்று வரும் இடமெல்லாம் உங்கள் புரோசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின், எண்ணைப் போடுங்கள்.

அண்ணை, வீடியோ ரெண்டர் போட்டால் மெசின் முழுக்க இறுகுது. நைஸ் எண்டு ஏதோ இருக்காம், அது என்ன செய்யும்?

லினக்ஸில் ஒவ்வொரு புரோசஸோடும் நைஸ் எண் என்று ஒன்று ஒட்டியிருக்கும். -20 இலிருந்து 19 வரை போகும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 0. எண் கூடினால் அந்தப் புரோசஸ் மற்றவற்றுக்கு வழிவிடும், குறைந்தால் மற்றவற்றை முந்தும். பெரிய எண் என்றால் பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் வருகிறார்கள். இங்கே அது மறுவளம்.

இந்த எண்ணுக்கு மதிப்பு வருவது சிபியுவுக்குப் போட்டி இருக்கும்போது மட்டும்தான். குளம் வான் பாயும் காலத்தில் வாய்க்காலில் யாருக்கு முதல் முறை என்று ஒருவரும் கேட்பதில்லை. சிறுபோகத்தில் தண்ணீர் இறங்கும்போதுதான் முறை வைக்க வேண்டிவரும். நைஸும் அப்படித்தான். அது வேலையை வேகமாக்கும் பொத்தான் அல்ல. ரெண்டருக்கு 10 கொடுத்தால், பிரவுசர் சிபியு கேட்கும் நேரத்தில் ரெண்டர் ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான்.

எந்தப் புரோசஸ் இழுக்குது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

டாப் என்று அடியுங்கள். சிபியுவை அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். முதல் நிரலில் இருப்பது பிஐடி, அதாவது புரோசஸின் எண். என்ஐ என்ற நிரலில் நைஸ் எண். அதற்கு முன்னால் பிஆர் என்று ஒரு நிரல் வரும். சாதாரணப் புரோசஸ்களுக்கு அது நைஸோடு 20 ஐக் கூட்டிய எண், ஆகவே 0 க்கு 20, 10 க்கு 30. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், என்ஐ போதும்.

பெயர் தெரிந்தால் இன்னும் சுருக்கம்: 'பிஜிரெப் எஃப்எஃப்எம்பெக்' என்று அடித்தால் எண் மட்டும் வரும் (எஃப்எஃப்எம்பெக் என்பது வீடியோ ரெண்டர் செய்யும் புரோகிராம்). டாப்புக்கு உள்ளேயே ஆர் எழுத்தைத் தட்டினால் எந்தப் பிஐடி, என்ன எண் என்று கேட்டு அங்கேயே மாற்றிவிடும். டாப் மாதிரியே இருக்கும் எச்டாப் போட்டிருந்தால் எஃப்8 நைஸைக் கூட்டும், எஃப்7 குறைக்கும்.

தொடங்கேக்கயே போடுறதுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறதுக்குப் போடுறதுக்கும் கட்டளை வேறயா?

ஓம், வேறு. புதிதாகத் தொடங்கும்போது நைஸ்:

நைஸ் -என் 10 எஃப்எஃப்எம்பெக் …

ஏற்கெனவே ஓடுவதற்கு ரீநைஸ், எழுத்துக்கூட்டினால் ஆர்-இ-என்-ஐ-சி-இ:

ரீநைஸ் -என் 10 -பி 4312

அடித்ததும் பழையது 0, புதியது 10 என்று ஒரு வரி காட்டும். வேலையை நிறுத்தத் தேவையில்லை. மூன்று மணித்தியாலமாக ஓடும் ரெண்டராக இருந்தாலும் அப்படியே தொடரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நைஸில் கொடுக்கும் எண், நீங்கள் இருக்கும் ஷெல்லின் (டெர்மினலில் உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) எண்ணோடு கூட்டப்படும். ஷெல் ஏற்கெனவே 5 இல் இருந்தால் 'நைஸ் -என் 10' என்பது 15 ஆகிவிடும். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் வரும் ரீநைஸ் கூட்டுவதில்லை, கொடுத்த எண்ணையே வைக்கும். மேக்கில் -என் போட்டால் அந்த ரீநைஸும் கூட்டும், அங்கே கவனம். நைஸ் என்று மட்டும் தனியே அடித்தால் உங்கள் ஷெல் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லும். எண் இல்லாமல் கட்டளையை மட்டும் கொடுத்தால் 10 ஐத் தானே எடுத்துக்கொள்ளும்.

10 போட்டால் எவ்வளவு குறையும்? பத்து வீதமா?

இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் எடை வைத்திருக்கிறது: 0 க்கு 1024, 5 க்கு 335, 10 க்கு 110, 19 க்கு 15. ஒரு படி இறங்க ஏறத்தாழ 1.25 மடங்கு குறையும். ஒரே கோருக்கு இரண்டு புரோசஸ் அடிபட்டால், அந்த எடைகளின்படிதான் நேரம் பிரிபடும். 0 உம் 5 உம் மோதினால் 75 க்கு 25. 0 உம் 10 உம் என்றால் 90 க்கு 10. 0 உம் 19 உம் என்றால் 19 இல் இருப்பதற்கு ஒன்றரை வீதம் மிஞ்சும். இரண்டுக்கும் 10 போட்டால் பாதி பாதிதான், வித்தியாசம்தான் கணக்கு.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஒரே டெர்மினலில் இந்த இரண்டையும் அடியுங்கள் (யெஸ் என்பது நிறுத்தும்வரை ஓடிச் சிபியுவைத் தின்னும் ஒரு சிறு கட்டளை):

டாஸ்க்செட் -சி 0 யெஸ் > /டெவ்/நல் &

டாஸ்க்செட் -சி 0 நைஸ் -என் 10 யெஸ் > /டெவ்/நல் &

டாஸ்க்செட் இரண்டையும் முதலாவது கோரிலேயே கட்டிவைக்கும். அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு கோரில் போய் உட்கார்ந்து இரண்டும் 100 காட்டும், பரிசோதனை பிழைத்துவிடும். இப்போது டாப்பில் பார்த்தால் ஒன்று 90 அளவில், மற்றது 10 அளவில் நிற்கும். பார்த்து முடிந்ததும் 'கில்ஆல் யெஸ்'.

நான் ரெண்டருக்கு 10, பேக்கப்புக்கு 19 போடச் சொல்வேன். 1, 2 என்று போட்டுவிட்டு மாற்றமில்லை என்று வருபவர்களுக்கு மேலே உள்ள கணக்கே மறுமொழி.

மைனஸ் போட்டால் பெர்மிஷன் இல்லை எண்டு வருது, ஏன்?

முன்னால் போவதற்கு ரூட், அதாவது நிர்வாகி, அனுமதி வேண்டும். 'சுடோ ரீநைஸ் -என் -5 -பி 4312' என்றால் நடக்கும். சாதாரணப் பயனர் தன் புரோசஸைப் பின்னுக்குத் தள்ளலாம், முன்னுக்குக் கொண்டுவர முடியாது.

'சுடோ நைஸ் -என் -5' என்று தொடங்குபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அந்த புரோகிராமே ரூட்டாக ஓடும். உருவாகும் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமாகி, பிறகு திருத்த முடியாமல் நிற்பீர்கள். சாதாரணமாகத் தொடங்கிவிட்டுப் பிறகு சுடோவோடு ரீநைஸ் போடுவதே நல்லது.

10 க்குக் கூட்டினதைத் திரும்ப 0 க்குக் கொண்டுவர விடுதில்லை. என்ர புரோசஸ்தானே, நான்தானே கூட்டினனான்?

யார் கூட்டினார்கள் என்று கேர்னல் குறித்து வைப்பதில்லை. நிர்வாகி ஒருவர் உங்கள் வேலையைப் பின்னுக்குத் தள்ளினால், நீங்கள் அடுத்த நிமிடமே திருப்பி எடுக்க முடிந்தால் அவர் தள்ளியதில் அர்த்தமில்லை. அதனால் இது ஒருவழிப் பாதை.

சொந்த மெசினில் இது தொல்லையாக இருந்தால் /எட்சி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கொன்ஃப் கோப்பில் உங்கள் பயனர் பெயர், ஒரு ஹைபன், நைஸ், 0 என்று ஒரே வரியில் எழுதி, லொக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். அதன் பிறகு 0 வரை சுடோ இல்லாமலே இறக்கலாம்.

'நைஸ் -10' எண்டு அடிச்சன், மைனஸ் பத்து எண்டு நினைச்சு. பிழையும் வரேல்ல, ஆனால் வேலை இன்னும் மெதுவாப் போச்சு?

நைஸின் பழைய எழுத்து முறையில் அந்த ஹைபன் கழித்தல் குறி அல்ல, ஆப்ஷனைத் தொடங்கும் கோடு. ஆகவே 'நைஸ் -10' என்றால் கூட்டல் 10. மைனஸ் வேண்டுமென்றால் இரண்டு ஹைபன் போட வேண்டும். ரீநைஸில் அதே '-10' உண்மையிலேயே மைனஸ் பத்து. யார் இப்படி வடிவமைத்தார்களோ! எப்போதும் -என் போட்டு எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

19 போட்டும் டாப்பில 100 வீதம் காட்டுது. அப்ப வேலை செய்யேல்லையா?

வேலை செய்கிறது. வேறு யாரும் கேட்காததால் முழுவதையும் அதுவே எடுக்கிறது. முதல் கேள்வியின் மறுமொழியைப் பாருங்கள். பிரவுசரைத் திறந்து ஒரு கனமான பக்கத்தைப் போட்டால் அந்த 100 இறங்குவது தெரியும்.

தம்பி, எனக்கு வேகம் பிரச்சினையில்லை. வெக்கை காலத்தில லப்டொப் அடுப்பு மாதிரிச் சுடுது, கறண்ட் போனால் பற்றரியும் நிக்குதில்லை. நைஸ் போட்டால் குறையுமோ?

குறையாது அண்ணை. இதைத்தான் அதிகம் பேர் பிழையாக எதிர்பார்க்கிறார்கள். சும்மா இருக்கும் சிபியுவை நைஸ் தடுக்காது, ஆகவே சூடும் மின்சாரமும் அப்படியேதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது முன்னுரிமை அல்ல, உச்சவரம்பு.

அதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, சிபியுலிமிட் என்ற சிறிய புரோகிராம். 'சிபியுலிமிட் -பி 4312 -எல் 100' என்றால் ஒரு கோரின் அளவுக்கு மேல் விடாது. நாலு கோர் மெசினில் முழுவதும் 400, அதனால் 50 என்று போட்டால் பாதி மெசின் என்று நினைக்க வேண்டாம், அரைக் கோர்தான். அது புரோசஸை நிறுத்தி, விட்டு, நிறுத்தி, விட்டுத்தான் வேலை செய்கிறது. இரண்டாவது, ரெண்டர் தொடங்கும்போதே எஃப்எஃப்எம்பெக்கிடம் '-த்ரெட்ஸ் 1' என்று சொல்வது, அதாவது வேலையைப் பல இழைகளாகப் பிரிக்காமல் ஒன்றாகவே ஓட்டுவது. வேலை நீளும், ஆனால் விசிறி கத்தாது. ஒரு நாளில் கொடுக்க வேண்டிய கலியாண வீடியோ இல்லையென்றால் பங்குனி, சித்திரையில் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

மூன்றாவது, கறண்ட் போன நேரத்துக்கு. 'கில் -ஸ்டொப் 4312' என்றால் புரோசஸ் அப்படியே உறையும். சிபியு ஒரு துளியும் எடுக்காது. கறண்ட் வந்ததும் 'கில் -கொன்ட் 4312', சி-ஓ-என்-டி. விட்ட இடத்திலிருந்து தொடரும். ரம்மில் பிடித்த இடத்தை மட்டும் விடாது. பற்றரி முழுவதும் இறங்கி மெசினே நின்றால் அந்த ரெண்டர் போனதுதான்.

ஒரு கட்டளையைப் பைப் போட்டு இன்னொண்டுக்குக் குடுக்கேக்க முன்னால நைஸ் போட்டால் ரெண்டுக்கும் சேருமா?

சேராது. 'நைஸ் -என் 19 டார் … | ஜிசிப்' என்றால் டாருக்கு மட்டும் 19. கோப்பைச் சுருக்குவதில் சிபியுவைத் தின்னும் ஜிசிப் 0 இலேயே ஓடும். குழாய்க்குறிக்குப் பின்னாலும் ஒரு நைஸ் போடுங்கள்.

பென்டிரைவுக்குப் பெரிய வீடியோ கொப்பி பண்ணேக்க எல்லாம் நிக்குது. கொப்பிக்கு 19 போட்டும் ஒரு மாற்றமும் இல்லை?

டாப்பின் மேல்பகுதியில் சிபியு வரியில் டபிள்யூஏ என்று ஓர் எண் இருக்கும். அது கூடியிருந்தால் சிபியு சும்மா இருந்துகொண்டு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். புரோசஸின் நிலை நிரலில் டி என்று நிற்பதும் அநேகமாக அதுதான். அங்கே சிபியு முன்னுரிமையை மாற்றி என்ன பயன்?

டிஸ்க்குக்கென்று தனியே அயோநைஸ் இருக்கிறது: 'அயோநைஸ் -சி 3 -பி 4312' என்றால் மற்றவர்கள் டிஸ்க்கைக் கேட்காதபோது மட்டும் எடு என்று அர்த்தம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. /சிஸ்/ப்ளாக் கீழே உங்கள் டிஸ்க்கின் கியூ/ஷெட்யூலர் கோப்பைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர் இருக்கும். அது பிஎஃப்கியூ என்றால் அயோநைஸ் நன்றாக வேலை செய்யும், நன் (என்-ஓ-என்-இ) என்றால் ஒன்றும் நடக்காது. அதோடு, எழுதும் வேலை முதலில் ரம்மில் சேர்ந்து பிறகு கேர்னல் தானே டிஸ்க்குக்குத் தள்ளுவதால், பென்டிரைவ் கொப்பியில் அயோநைஸுக்குப் பிடி குறைவு. அதற்கு 'ஆர்சிங்க் --பிடபிள்யூலிமிட்=5000' போடுங்கள்; செக்கனுக்கு 5 எம்பி அளவில் நின்றுவிடும்.

ரம் நிரம்பி ஸ்வப்புக்கு (ரம்முக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) போனாலும் இதே மாதிரி இறுகும். நாலு ஜிபி மெசினில் பாதி நாள் உண்மையான நோய் இதுதான். நைஸ் ரம்மைத் தொடாது. பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் பக்கங்களை மூடுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்குக்கு ரீநைஸ் போட்டனான். எச்டாப்பில பார்த்தால் ஒரு வரி 10, மற்ற வரியெல்லாம் 0. மெசின் இன்னும் இறுக்கம்தான்.

அந்த மற்ற வரிகள் அதே புரோசஸின் த்ரெட்கள், வேலையைப் பிரித்துச் செய்யும் இழைகள். லினக்ஸில் நைஸ் எண் த்ரெட்டுக்கு த்ரெட் தனித்தனி. -பி கொடுத்து மாற்றும்போது முதன்மை த்ரெட் மட்டும் மாறும். ஏற்கெனவே பிறந்தவை பழைய எண்ணிலேயே ஓடும். ரெண்டரில் பாரம் சுமப்பவை அவைதான். எல்லாவற்றையும் பிடிக்க:

ரீநைஸ் -என் 10 -பி $(எல்எஸ் /புரொக்/4312/டாஸ்க்)

பிள்ளைப் புரோசஸ்களும் இப்படியே. பிறக்கும்போது தாயின் எண்ணை எடுத்துக்கொள்ளும், பிறந்த பிறகு தாயை மாற்றினால் அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் தொடங்கும்போதே நைஸ் போடுவது சுகம்: அதற்குப் பிறகு வரும் த்ரெட்டும் பிள்ளையும் அந்த எண்ணோடே வரும்.

நீங்கள் சொன்ன யெஸ் பரிசோதனையை ரெண்டு டெர்மினலில செய்தனான் சேர். 90 க்கு 10 வரேல்ல, பாதி பாதிதான் வருது!

பொறியியல் பீடத்துப் பிள்ளை ஒருவர் கேட்டது. நல்ல கேள்வி. 2011 இல் வந்த 2.6.38 கேர்னலில் இருந்து ஆட்டோகுரூப் என்று ஒன்று இருக்கிறது. ஒரு டெர்மினலில் ஓடுவதெல்லாம் ஒரு குழு. கேர்னல் முதலில் குழுக்களுக்கு நேரத்தைச் சமமாகப் பிரிக்கும், அதன் பிறகு குழுவுக்குள்தான் நைஸைப் பார்க்கும். இரண்டு டெர்மினல் என்றால் இரண்டு குழு. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள்தான், ஆகவே 0 உம் 10 உம் சந்திக்கவே இல்லை. அதற்காகத்தான் ஒரே டெர்மினலில் அடிக்கச் சொன்னேன்.

/புரொக்/சிஸ்/கேர்னல்/ஷெட்_ஆட்டோகுரூப்_எனேபிள்ட் கோப்பில் 1 இருந்தால் இது இயங்குகிறது. குழுவையே பின்னுக்குத் தள்ள 'எக்கோ 10 > /புரொக்/4312/ஆட்டோகுரூப்' என்று எழுதலாம். டெர்மினலில் ரெண்டருக்கு ஒழுங்காக 10 போட்டும் டெஸ்க்டொப் இறுகுகிறது, த்ரெட்களும் சரியாக 10 இல் நிற்கின்றன என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி, சிக்ரூப் என்ற குழுக்களை வைத்துச் சிபியுவைப் பிரிக்கும் மெசின்களிலும் கதை இதுவே: குழுவுக்குக் குழு பங்கு, உள்ளே நைஸ்.

எங்கட பள்ளிக்கூட லாப்பில பிள்ளையள் எல்லாரும் ஒரே சேர்வரிலதான் லொகின் பண்ணுறவை. ஒராள் முடிவில்லாத லூப் எழுதினால் எல்லாரும் நிக்க வேண்டிக் கிடக்கு. என்ன செய்யலாம் தம்பி?

ரீச்சர், உடனடியாக அந்தப் பிள்ளையின் பயனர் பெயரைக் கொடுத்து 'சுடோ ரீநைஸ் -என் 15 -யு பெயர்' என்று அடியுங்கள். அந்தப் பிள்ளையின் எல்லாப் புரோசஸும் பின்னுக்குப் போகும், ஷெல்லும் சேர்ந்து. ஷெல்லே 15 இல் இருப்பதால் அதிலிருந்து புதிதாக ஓட்டுவதும் 15 இல்தான் தொடங்கும். லொக்அவுட் செய்து வந்தால் மீண்டும் 0. ஆனால் மேலே சொன்ன ஆட்டோகுரூப்போ சிக்ரூப்போ அந்தச் சேர்வரில் இயங்கினால், இந்த எண்கள் குழுவுக்குள் மட்டும்தான் எடுபடும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் முன்பு சொன்ன லிமிட்ஸ் கோப்பில், நைஸ் என்பதற்குப் பதில் பிரையோரிட்டி என்று எழுதி 5 கொடுங்கள். பெயருக்கு முன் @ போட்டு மாணவர் குழு முழுவதுக்கும் வைக்கலாம். உங்கள் கணக்கு 0 இல் இருக்கும், லாப் இறுகினாலும் உள்ளே போய்ப் பார்ப்பது உங்களுக்குச் சுலபமாகும். பிள்ளைகள் தங்களுக்குள் அடிபடுவதை இது தீர்க்காது, எல்லாரும் 5 தானே.

ராத்திரி பேக்கப் தானா ஓடுது. அதுக்கு நான் முழிச்சிருந்து ரீநைஸ் போடேலாதே?

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரொனின் வரியில் கட்டளைக்கு முன்னால் 'நைஸ் -என் 19 அயோநைஸ் -சி 3' என்று சேர்த்துவிடுங்கள். சிஸ்டம்டி சேவையாக இருந்தால் சேவிஸ் பகுதியில் நைஸ்=19 என்று ஒரு வரி; அங்கே மட்டும் முதல் எழுத்து பெரிய எழுத்து.

விண்டோஸில ஏலாதா?

ஏலும். அங்கே எண்ணுக்குப் பதில் ஆறு வகுப்பு. கமாண்ட் புரொம்ப்ட்டில் 'ஸ்டார்ட் /லோ' என்று போட்டு புரோகிராமைத் தொடங்கினால் அடிமட்டத்தில் ஓடும். '/பிலோநோமல்' அதற்கு ஒரு படி மேல். ஓடிக்கொண்டிருப்பதை டாஸ்க் மனேஜரின் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் வலது கிளிக் செய்து மாற்றலாம்.

-20 க்கும் மேல ரியல்டைம் எண்டு ஒண்டு இருக்காம். ரெண்டருக்கு அதைப் போட்டால் கெதியா முடியுமே?

முடியாது. தனியாக ஓடும் ரெண்டர் ஏற்கெனவே முழுச் சிபியுவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. சிஎச்ஆர்டி கட்டளையால் ரியல்டைமுக்கு ஏற்றினால் -20 இல் இருப்பதைக்கூட அது முந்தும். உங்கள் மவுசும் கீபோர்டும் திரையும் சாதாரண வரிசையில் நிற்பவை, அவை காத்துக் கிடக்கும். நிறுத்தலாம் என்று டெர்மினலைத் திறக்கப் போனால் அதுவும் இலகுவில் திறக்காது. ஒலிப்பதிவில் சத்தம் விட்டு விட்டு வருகிறவர்களுக்கு அது தேவைப்படும், அவர்களுடைய மென்பொருளே அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளும்.

அதே சிஎச்ஆர்டிக்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. 'சிஎச்ஆர்டி -ஐ 0' என்று போட்டுத் தொடங்கும் புரோசஸ் 19 ஐவிடப் பின்னால் நிற்கும். பழைய படங்களை எல்லாம் சுருக்குகிற, நாளைக்கு முடிந்தாலும் பரவாயில்லை என்கிற வேலைக்கு நான் அதைத்தான் போடுகிறேன்.